கார்க்கியின் 'தாய்': ஒரு மறுவாசிப்பு

தமிழில் புதினம் வாசிக்கத் தொடங்குவோரின் கைகளுக்கு ஏதேனும் ஒரு கட்டத்தில் வந்து சேரும் நூல்களுள் மக்சீம் கார்க்கியின் 'தாய்' ஒன்று. தொ.மு.சி. ரகுநாதனின் மொழிபெயர்ப்பில் அது பல தலைமுறை வாசகர்களைக் கண்டிருக்கிறது. மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகமும் சென்னையின் நியூ செஞ்சுரி புத்தக நிறுவனமும் மலிவு விலையில் கொண்டுவந்து சேர்த்த ருஷ்ய இலக்கியங்கள் நம் வாசிப்பின் எல்லையை விரித்தன என்பதை நாம் நன்றியுடன் ஒப்புக்கொள்கிறோம். ஆயினும் அந்நூலைப் பற்றி நம்மிடையே எழுதப்பட்ட விமர்சனங்களுள் பெரும்பாலானவை அதை வர்க்கப் போராட்டத்தின் காவியம் என்று போற்றியதோடு நின்றுவிட்டன. அப்புதினம் எந்த உரிமைகளுக்காக வாதாடுகிறது, அதைத் தன் இலக்கியத்தின் முன்மாதிரியாக உயர்த்திய அரசு அவ்வுரிமைகளை என்ன செய்தது என்ற வினா போதிய அளவு எழுப்பப்படவில்லை. ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில் வட்டாரத்தின் அண்மைக்கால நிகழ்வுகளை முன்வைத்து அவ்வினாவை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் நூலுக்குள் நிகழ்வதை நினைவுகூர்வோம். சதுப்பு நிலத்தை வற்றச் செய்வதற்கென்று தொழிலாளியின் ஒவ்வொரு ரூபிளிலிருந்தும் ஒரு கோபெக்கைப் பிடித்தம் செய்ய ஆலை நிர்வாகம் முற்படுகிறது. பாவெல் அதை எதிர்த்துப் பேசுகிறான். வீட்டில் நண்பர்கள் கூடிப் படிக்கிறார்கள். காவலர் நள்ளிரவில் புகுந்து புத்தகங்களைக் கலைத்துப் போடுகிறார்கள். மகன் சிறைப்பட்டபின் தாய் பெலகேயா நீலவ்னா உணவு விற்பவளாக ஆலைக்குள் சென்று துண்டுப் பிரசுரங்களைச் சேர்க்கிறாள். மே தின ஊர்வலம், மீண்டும் கைது, நீதிமன்ற விசாரணை, இறுதியில் மகனின் உரையை அச்சிட்ட தாள்களோடு ரயில் நிலையத்தில் அவள் பிடிபடுதல் என்று கதை முடிகிறது. கூடுதல், பேசுதல், அச்சிடுதல், சங்கமாகத் திரளுதல், நியாயமான விசாரணை பெறுதல் ஆகிய குடிமை உரிமைகளின் மறுப்பே இக்கதையின் ஒவ்வொரு முடிச்சும் ஆகும். கூலியைப் பற்றிய பேச்சு இவற்றோடு ஒப்பிடுகையில் குறைவு.

நம் விமர்சகர்கள் அதிகம் கவனியாத இன்னொரு சரடும் உண்டு. நீலவ்னா இறைநம்பிக்கை உள்ளவள். இளைஞர்கள் கடவுளைப் பழித்துப் பேசும்போது அவள் வருந்துகிறாள். தன் துயரத்தில் தனக்கிருக்கும் ஒரே பற்றுக்கோட்டைப் பறிக்க வேண்டாம் என்று மன்றாடுகிறாள். பாவெலோ அவள் நம்பும் கருணைமிக்க இறைவனைத் தான் பழிக்கவில்லை என்றும், அச்சுறுத்தும் கருவியாகக் கடவுளைப் பயன்படுத்துவோரையே சாடுவதாகவும் விளக்குகிறான். போராட்டத்தினுள்ளே நம்பிக்கையாளருக்கும் இடமுண்டு என்பதைக் கார்க்கி மறுக்கவில்லை.

இனி நம் வட்டாரத்திற்கு வருவோம். 2024 செப்டம்பர் 9ஆம் நாள் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த சுங்குவார்சத்திரத்திலுள்ள சாம்சங் ஆலையின் தொழிலாளர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். ஊதிய உயர்வும் கேட்கப்பட்டது. எனினும் தாம் அமைத்த, சி.ஐ.டி.யு. சார்ந்த சங்கம் அங்கீகரிக்கப்பட வேண்டும் என்பதே அப்போராட்டத்தின் உயிர்நாடி. போராட்டப் பந்தல் அகற்றப்பட்டது. பலர் கைது செய்யப்பட்டனர். 37 நாட்களுக்குப் பின் அக்டோபர் நடுவில் வேலைநிறுத்தம் முடிவுக்கு வந்தது. சங்கப் பதிவு தாமதமானதால் வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் சென்றது. 2025 சனவரி 27ஆம் நாள் சங்கம் பதிவு பெற்றது.

இதற்கு ஓராண்டு முன்னர், 2023 ஏப்ரலில், வேலை நேரத்தைப் பன்னிரண்டு மணியாக நீட்டிக்க வழிசெய்யும் சட்டமுன்வடிவு தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எதிர்த்தன, அன்றைய ஆளும் கூட்டணியிலிருந்த இடதுசாரிக் கட்சிகளும் எதிர்த்தன. அவ்வாண்டு மே தினத்தன்று அது திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார்.

இவ்விரு நிகழ்வுகளையும் நாம் குறையற்ற மக்களாட்சியின் சான்றுகளாகக் காட்டவில்லை. ஒரு சங்கம் பதிவு பெற வேலைநிறுத்தமும் வழக்கும் தேவைப்பட்டன என்பதே ஒரு குறைதான். ஆயினும் தொழிலாளர் பற்றி நிற்க மூன்று ஊன்றுகோல்கள் இருந்தன: சங்கம் அமைக்கும் உரிமையை வழங்கும் அரசியல் சட்டத்தின் 19ஆம் பிரிவு, அரசு அலுவலகத்திற்கு எதிராக ஆணையிடும் நீதிமன்றம், ஆட்சியோடு உடன்பட்டும் முரண்பட்டும் நிற்கக்கூடிய வேறு கட்சிகள். பதிவுக்கு அடிப்படையாயிருந்த 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்தின் பின்னணியிலும் சென்னை இருக்கிறது. 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியதும், பின்னி ஆலை நிர்வாகம் பி.பி. வாடியா முதலியோருக்கு எதிராக 1920இல் உயர்நீதிமன்றத்தில் தடையாணை பெற்றதும், சங்கங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்ற கோரிக்கைக்கு வித்திட்டன. செங்கொடி ஏந்திய சங்கம் ஒன்று ஒரகடம் சாலையில் நிமிர்ந்து நிற்பது, பல கட்சிகளுக்கு இடமளிக்கும் ஓர் அமைப்பின் துணையால்தான்.

அதே செங்கொடி அரசின் ஒரே கொடியாகிவிட்ட நாடுகளில் என்ன நேர்ந்தது? விடையைக் கார்க்கியின் வாழ்விலிருந்தே தொடங்கலாம். 1917–18இல் அவர் தம் 'நோவயா ஷிஸ்ன்' இதழில், எதிர்க்கருத்துள்ள பத்திரிகைகளை மூடிய புதிய ஆட்சியைக் கடுமையாகக் கண்டித்தார். 1918 சூலையில் அவ்விதழும் மூடப்பட்டது. 'காலத்திற்கு ஒவ்வாத சிந்தனைகள்' என்ற தலைப்பில் அவர் எழுதிய அக்கட்டுரைகள் சோவியத் ஒன்றியத்தில் ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் மறுபதிப்புக் காணவில்லை. 'தாய்' பல மொழிகளில் பரப்பப்பட்ட அதே காலத்தில் அதன் ஆசிரியருடைய எச்சரிக்கை மறைத்து வைக்கப்பட்டது. பின்னாளில், 1929இல், மடாலயமாயிருந்து கைதிகள் முகாமாக்கப்பட்ட சொலோவ்கித் தீவைப் பார்வையிட்ட கார்க்கி அதைப் பாராட்டி எழுதினார். தாயின் மகனைச் சிறையில் கண்டு கலங்கிய பேனா அங்கே கலங்கவில்லை. இந்த வீழ்ச்சியைப் பேசாத கார்க்கி விமர்சனம் முழுமையான விமர்சனமாகாது.

சீனத்தில் சட்டம் ஏற்கும் தொழிற்சங்க அமைப்பு ஒன்றே. அது கட்சியின் தலைமையின் கீழ் இயங்குவது. முந்தைய அரசியல் சட்டங்களிலிருந்த வேலைநிறுத்த உரிமை 1982இன் சட்டத்தில் நீக்கப்பட்டது. 2018இல் ஷென்சென் நகரின் ஜாசிக் ஆலையில் தொழிலாளர்கள் தாமே சங்கக் கிளை அமைக்க முயன்றபோது வேலையிழந்தனர், சிலர் கைதாயினர். அவர்களுக்குத் துணைநின்ற பல்கலைக்கழக மாணவர்கள் மார்க்சியம் கற்றவர்கள். அவர்களும் பிடித்துச் செல்லப்பட்டனர். பீக்கிங் பல்கலைக்கழக மார்க்சியக் கழகத்தின் தலைவராயிருந்த மாணவர், அவ்வாண்டு டிசம்பர் 26ஆம் நாள், மாவோவின் 125ஆவது பிறந்தநாள் நிகழ்வுக்குப் போகும் வழியில் தடுத்துக் கொண்டுபோகப்பட்டார். சுங்குவார்சத்திரத்துத் தொழிலாளர் கேட்டதும் ஜாசிக் தொழிலாளர் கேட்டதும் ஒன்றே. முன்னவர்க்குச் செல்ல நீதிமன்றம் இருந்தது. பேச வேறு கட்சி இருந்தது. பின்னவர்க்கு இரண்டும் இல்லை.

சமய உரிமையின் வரலாறும் இதே வழியில் நடந்தது. 1917 இறுதியில் லெனினும் ஸ்டாலினும் ஒப்பமிட்டு, ருஷ்யாவிலும் கிழக்கிலும் உழைக்கும் முஸ்லிம்களுக்கு ஓர் அறைகூவல் விடுத்தனர். அவர்களுடைய நம்பிக்கைகளும் வழக்கங்களும் இனித் தீண்டப்படா என்பது அதன் உறுதிமொழி. கட்சியில் சேர்ந்த தாத்தாரியத் தலைவர் சுல்தான் கலீவ் 1923இல் கைதானார், 1940இல் கொல்லப்பட்டார். 1920களின் பிற்பகுதியிலிருந்து மத்திய ஆசியாவில் பள்ளிவாசல்களும் மதரஸாக்களும் பெருமளவில் மூடப்பட்டன. வக்ஃபு நிலங்கள் பறிக்கப்பட்டன. அரபு எழுத்து லத்தீனாகவும் பின்னர் சிரில்லிக்காகவும் மாற்றப்பட்டது. அரபுத்தமிழ் ஏடுகளைத் தாத்தாவின் பெட்டியில் கண்டும் படிக்க இயலாமல் நிற்பவர்களுக்கு, எழுத்து மாறினால் என்ன துண்டிக்கப்படுகிறது என்பதை விளக்கவேண்டியதில்லை. நம்மிடையே காலப்போக்கில் நேர்ந்தது அங்கே ஆணையால் நேர்ந்தது. 1938 அக்டோபர் 4ஆம் நாள் உஸ்பெக் இலக்கியத்தின் முன்னோடிகளான அப்துல்லா காதிரி, சோல்பான், ஃபித்ரத் ஆகியோர் தாஷ்கந்தில் சுட்டுக் கொல்லப்பட்டனர். சோல்பான், ஷேக்ஸ்பியரையும் புஷ்கினையும் கார்க்கியையும் தம் மொழிக்குக் கொண்டுவந்தவர். கார்க்கியைத் தமிழாக்கிய நம் ரகுநாதன் மதிப்போடு வாழ்ந்து மறைந்தார் என்பதையும் இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஒரு கட்சி ஆட்சி சமயத்தை எப்போதும் அழிக்கவே முயல்கிறது என்று சொன்னால் அது பாதி உண்மையே. 1943இல் தாஷ்கந்தில் மத்திய ஆசிய முஸ்லிம்களுக்கென ஓர் அதிகாரபூர்வ சமய வாரியத்தை ஸ்டாலினின் அரசே அனுமதித்தது. சீனத்தில் 1953இல் இஸ்லாமியச் சங்கம் தோற்றுவிக்கப்பட்டது. தொழிலாளர்க்கு ஒரே சங்கம், தொழுகையாளர்க்கு ஒரே வாரியம் என்ற இவ்வமைப்பை உற்று நோக்க வேண்டும். மக்களின் முழுப் பேராளர் தாமே என்று கருதும் கட்சிக்கு, மக்கள் தம் பெயரால் தாமே கூடுவது பொருத்துக்கொள்ள இயலாததாகிறது. சங்கமாயினும் ஜமாஅத்தாயினும் அதன் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. 2017இல் சின்ஜியாங்கில் இயற்றப்பட்ட தீவிரவாத ஒழிப்பு விதிகள் முகத்திரையையும் 'இயல்புக்கு மாறான' தாடியையும் குற்றப் பட்டியலில் சேர்த்தன. அவ்வாண்டு முதல் உய்குர் முஸ்லிம்கள் பெருந்தொகையாக முகாம்களில் அடைக்கப்பட்டனர். அது மானுடத்திற்கு எதிரான குற்றமாக அமையக்கூடும் என்று 2022 ஆகஸ்ட் 31இல் ஐ.நா. மனித உரிமை அலுவலகத்தின் அறிக்கை கூறியது. உய்குர்களின் அடக்கத்தலங்களையும் அவற்றைச் சூழ்ந்த வாய்மொழி மரபுகளையும் ஆராய்ந்த பேராசிரியை ராஹிலா தாவுத் 2017 டிசம்பரில் காணாமற்போனார். அவருக்கு வாழ்நாள் சிறை என்பது 2023இல் தெரியவந்தது. நாகூரையும் ஏர்வாடியையும் பற்றி இத்தகைய இதழ்களில் எழுதுவோர் செய்யும் பணியைத்தான் அவர் செய்தார்.

இடதுசாரி நண்பர்கள் சொல்லக்கூடிய மறுப்பை நாம் அறிவோம். இச்செய்திகளை மேலை வல்லரசுகள் தம் நலனுக்குப் பயன்படுத்துகின்றன என்பர். பயன்படுத்துகின்றன, அதனால் செய்தி பொய்யாகிவிடாது. ஜாரின் கொடுமைகளையும் அவருடைய பகைவர்கள் பயன்படுத்தத்தான் செய்தனர். பசி தீர்ந்தபின் உரிமை பேசலாம் என்பர். சதுப்பு நிலக் கோபெக்கின் கதை அதற்கு விடையளிக்கிறது: பேசும் உரிமை இல்லாதவனால் தன் கூலியைக்கூடக் காத்துக்கொள்ள இயலாது. இந்தியாவில் சிறுபான்மையினர் படும் இன்னல்களைச் சுட்டுவர். அவற்றை நாம் மறுக்கவில்லை. அவற்றை எதிர்க்க நமக்குத் துணையாவன எழுத்துரிமையும் நீதிமன்றமும் வாக்குச்சீட்டும்தான். அவற்றை இங்கே பற்றிக்கொண்டு, பிற நாட்டார்க்கு அவை தேவையில்லை என்று எப்படிச் சொல்வது?

இந்த அளவுகோல் நம்மையும் அளக்க வேண்டும். 2022 அக்டோபர் 6ஆம் நாள் சின்ஜியாங் பற்றி ஐ.நா. மனித உரிமைக் குழுவில் விவாதம் நடத்தலாமா என்பது வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவு 17, எதிர்ப்பு 19. எதிர்த்தோருள் பாகிஸ்தான், இந்தோனேசியா, கத்தார், ஐக்கிய அரபு அமீரகம், உஸ்பெகிஸ்தான் ஆகியவை அடக்கம். மலேசியா நடுநிலை வகித்தது, இந்தியாவும் அவ்வாறே. விவாதிக்கக்கூட வேண்டாம் என்று முஸ்லிம் அரசுகள் கைதூக்கியதை எத்தனை உரைமேடைகளில் கண்டித்தோம்? பள்ளிவாசல் மூடப்பட்டால் பதறும் நாம், ஷென்சென் தொழிலாளியின் சங்கம் மூடப்பட்டதை நம் கவலையாகக் கொண்டதுண்டா? ஒரகடத்து ஆலைகளில் நம் சமுதாயத்துப் பிள்ளைகளும் வேலை செய்கிறார்கள். அவர்களுடைய சங்க உரிமைக்காக நம் ஜமாஅத்துகள் எத்தனை முறை குரல் கொடுத்தன? தமக்கே எதிராயினும் நீதிக்குச் சாட்சி பகர வேண்டியவர்கள் தம் பங்கு உரிமையை மட்டும் கேட்பது தகாது.

ஸ்ரீபெரும்புதூர் இராமாநுசர் பிறந்த ஊர். கொள்கையில் ஒப்பமிடுமாறு சோழ மன்னன் வற்புறுத்தியதால் அவர் தம் நாட்டை விட்டு மேல்கோட்டைக்குச் செல்ல நேர்ந்தது என்று வைணவ மரபு கூறுகிறது. நம்பிக்கையில் வற்புறுத்தல் கூடாது என்பதை நாம் மறையிலிருந்து கற்றோம். அவ்வூரார் தம் ஆசாரியரின் கதையிலிருந்து கற்றிருக்கலாம். தொழிலாளர் கார்க்கியிடமிருந்து கற்றிருக்கலாம். ஆகவே 'தாய்' தொடர்ந்து படிக்கப்பட வேண்டும், தொழிற்சங்க நூலகங்களிலும் மதரஸா நூலகங்களிலும். ரயில் நிலையத்தில் காவலர் கையில் சிக்கிய அந்த முதியவளை வாசிக்கும்போது, காவலரின் தொப்பியில் எந்தச் சின்னம் இருந்தது என்று பாராமல் அவள் பக்கம் நிற்க நாம் பழகவேண்டும்.