யவனர் தேவோத்பத்தியும் ‘ஒன்றும் தேவும்’ பதிகமும்

காரைக்கால் நித்யகல்யாணப் பெருமாள் ஸந்நிதியில், பிரெஞ்சு கற்ற அன்பரொருவர், கி.மு. 700 அளவில் வாழ்ந்த யவனகவி ஹெஸியோதின் தேவோத்பத்தியும் திருவாய்மொழி 4.10-உம் ஒரே கருத்தின என்றார். ஆதியில் யாதுமில்லை என்பதே இரண்டின் பொருளாம்.

ஒவ்வாது. யவனகவி, கேயாஸ் என்னும் பாழ் முதலில் தோன்றிற்று என்றார். எவனிடமிருந்து என்று கேட்டாரில்லை. ஆழ்வாரோ, இல்லாதவற்றின் வரிசையில் தேவரையே முன்வைத்தார். அவ்வில்லாமையும் சூனியமன்று, நாமரூபமிழந்து, ஸூக்ஷ்மமாய், அவன் பக்கலிலே ஒடுங்கிக் கிடந்த நிலை. தேவரும் உலகும் உயிரும் நான்முகனோடே கூடப் படைப்புண்டார்கள்.

அங்கோ, ஊரனோஸை வீழ்த்திக் க்ரோனோஸும் அவனை வீழ்த்தி ஸ்யூஸும் அரசேறுவர். ஈச்வரத்வம் பறித்துக்கொண்ட பதவி! முதல்வரைத் தேடிய கவியின் ஆர்வத்தை இகழோம். ஆனால் ஒருவர்க்குப் பிறந்த ஸ்யூஸை நம் பூர்வர்கள் கார்யவர்க்கத்திலேயே வைப்பர்.