விசுவின் ஆடுகளம் கூடம்தான்

ஒரே கதை, இரண்டு முடிவுகள். விசு எழுதிய ‘உறவுக்கு கை கொடுப்போம்’ நாடகம் 1975-இல் அதே பெயரில் திரைப்படமாக வந்தது, ஓடவில்லை. அதே கருவை அவரே திருத்தி எழுதி, இயக்கி, நடித்து, 1986-இல் ஏவி.எம். தயாரிப்பில் ‘சம்சாரம் அது மின்சாரம்’ என்று கொண்டுவந்தார். படம் ஊர் ஊராக ஓடித் தீர்த்தது. சிறந்த பொழுதுபோக்குப் படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது. அந்தப் பிரிவில் விருது வாங்கிய முதல் தமிழ்ப்படமும் அதுதான். தெலுங்கும் இந்தியும் உடனே அதை எடுத்துக்கொண்டன.

கரு மாறவில்லை. அந்தக் கருவை எப்படி ஆட வேண்டும் என்று தெரிந்தவர் கைக்கு ஆட்டம் வந்ததுதான் மாற்றம். விசுவின் படங்களைப் ‘படம் பிடித்த நாடகம்’ என்று ஒரே வரியில் ஒதுக்குகிறவர்கள் இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும். நாடகத்தன்மை அவரிடம் ஒட்டிக்கொண்டிருந்த குறை அல்ல, அவருடைய பலமே அதுதான்.

மேடையில் கட்டிய உடம்பு

ஒய்.ஜி. பார்த்தசாரதியின் யு.ஏ.ஏ. நாடகக் குழுவில் பழகி, பிறகு சொந்தக் குழு கண்டவர் விசு. சென்னை சபா மேடையில் செலவுக்கு இடமில்லை. ஒரு கூடம், நாலு நாற்காலி, உள்ளே போக ஒரு கதவு. முன்வரிசை ரசிகர் நெளிந்தால் நடிகருக்கு அந்த நொடியே தெரியும். விசுவின் காதைக் கூர்தீட்டியது அந்தப் பயிற்சிதான்.

அவர் நாடகமான ‘பட்டினப் பிரவேச’த்தை கே. பாலசந்தர் 1977-இல் படமாக்கினார். கிராமத்துக் குடும்பம் ஒன்று பட்டணம் வந்து குலைந்துபோகும் கதை. ‘தில்லு முல்லு’, ‘நெற்றிக்கண்’ இரண்டிலும் விசுவின் பேனா இருந்தது. இரண்டும் 1981-இல் வந்தவை. அதே ஆண்டு ‘குடும்பம் ஒரு கதம்ப’த்தில் திரை நடிகரானார். அடுத்த ஆண்டு ‘கண்மணி பூங்கா’வில் இயக்குநரானார். அதே 1982-இல் வந்த ‘மணல் கயிறு’ அவரை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தது. எட்டு நிபந்தனை போட்டுப் பெண் தேடும் கிட்டுமணியாக எஸ்.வி. சேகர், பொய் சொல்லிக் கல்யாணத்தை முடித்துவைக்கும் நாரதர் நாயுடுவாக விசு. ஒரு ஆணின் அகந்தைக்கு எட்டு பாடம் நடத்திய படம் அது. சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார்கள்.

ஒரு காட்சி, ஒரு கோடு

அவர் உத்தியைப் புரிந்துகொள்ள ‘சம்சார’த்தின் ஒரு காட்சி போதும். மூத்த மகன் சிதம்பரம் வீட்டுச் செலவுக்குத் தரும் பணத்தில் குறைத்துக் கொடுக்கிறான். மனைவி பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருக்கிறாள், அவள் சாப்பாட்டுச் செலவு மிச்சம்தானே என்பது அவன் கணக்கு. அப்பா அம்மையப்ப முதலியார் கேட்கிறார். மகன் பதில் சொல்கிறான். அப்பா மறுபடி கேட்கிறார். யாரும் கை ஓங்கவில்லை, ஒரு பாத்திரம்கூட உருளவில்லை. ஒவ்வொரு பதிலும் முந்தைய பதிலை விட ஒரு படி ஏறுகிறது. சிறு தொகையில் தொடங்கிய பேச்சு, இதுவரை குடும்பத்துக்குச் செய்ததையெல்லாம் எண்ணி வைக்கச் சொல்லும் இடத்துக்குப் போகிறது. கடைசியில் வீட்டின் குறுக்கே கோடு விழுகிறது.

சிதம்பரமாக வரும் ரகுவரன் குரலை உயர்த்தாமல் பேசுகிறார். அப்பாவாக வரும் விசு ஒரு வாக்கியத்தின் கடைசிச் சொல்லை அடுத்த வாக்கியத்தின் முதல் சொல்லாக எடுத்து, அந்தாதிபோல் அடுக்கிக்கொண்டே போகிறார். மூச்சு எங்கே வாங்குகிறார் என்றே தெரியாது. அப்போது அவருக்கு வயது 41. இருபதுகளில் இருந்த ரகுவரனுக்கு அப்பாவாக நம் கண்ணுக்குத் துளியும் உறுத்தவில்லை. தோளின் தளர்ச்சியிலும், பேச்சுக்கு முன் விடும் ஒரு நொடி இடைவெளியிலும் அந்த முதுமையைக் கொண்டுவந்தார். ஒப்பனை அதற்குப் பிறகுதான்.

இயக்குநர் விசுவின் பெரிய குணம், அந்த நடிகர் விசுவுக்கே எல்லாப் பந்தையும் போடாததுதான். லட்சுமி, கமலா காமேஷ், சந்திரசேகர், மாதுரி, இளவரசி, திலீப் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு நியாயம், ஒரு முழுக் காட்சி உண்டு. நகைச்சுவை வேண்டும் என்று தயாரிப்பாளர் ஏவி.எம். சரவணன் கேட்ட பிறகு சேர்த்த பாத்திரம்தான் வேலைக்காரி கண்ணம்மா. கண்ணம்மாவாக வரும் மனோரமாவும், விசுவின் தம்பி கிஷ்முவும் மோதும் காட்சி, படத்தின் மொத்தக் கைதட்டலையும் அள்ளிக்கொண்டது. தன் படத்தில் அடுத்தவர் ஜெயிப்பதை ரசிக்கத் தெரிந்த நடிகர்-இயக்குநர்கள் குறைவு.

முடிவில்தான் துணிச்சல். பிரிந்தவர்கள் கூடிவிட்டார்கள், மகன் மன்னிப்புக் கேட்டுவிட்டான். வேறு யாராக இருந்தாலும் அங்கே குடும்பப் படம் ஒன்று எடுத்துச் சுபம் போட்டிருப்பார்கள். விசு மூத்த மருமகள் உமாவைப் பேசவைத்தார். தனித்தனியே இருப்போம், விசேஷ நாளில் கூடுவோம், விரிசல் விட்டதை ஒட்டவைத்து மறுபடி உடைக்க வேண்டாம் என்கிறாள் அவள். கூட்டுக்குடும்பத்தைக் கொண்டாட வந்த கூட்டத்திடம் தனிக்குடித்தனத்தின் நியாயத்தை ஒரு மருமகள் வாயால் சொல்லி, அதற்குக் கைதட்டலும் வாங்கினார்.

சரிவும் அடுத்த மேடையும்

அந்த உயரத்தில் அவரால் நெடுநாள் நிற்க முடியவில்லை என்பதும் உண்மை. ‘திருமதி ஒரு வெகுமதி’, ‘பெண்மணி அவள் கண்மணி’, ‘வரவு நல்ல உறவு’ வரை குடும்பங்கள் கூட்டமாக வந்தன. பிறகு வந்த படங்களில் பாத்திரங்கள் எல்லாமே விசுவைப்போலப் பேசத் தொடங்கின. எதிராளிக்கும் நியாயம் கொடுத்த எழுத்து, தீர்ப்பை முதலிலேயே எழுதிவைத்துவிட்டுக் காட்சி தேடியது. வாதம் போய் உபதேசம் மிஞ்சியது. ரசிகர் ரசனை கெட்டுவிட்டது என்று பழியைத் திருப்பிவிடுவது நியாயமாகாது.

ஆனால் அவர் ஓயவில்லை. சன் டி.வி.யின் ‘அரட்டை அரங்கம்’, பிறகு ஜெயா டி.வி.யின் ‘மக்கள் அரங்கம்’ என்று ஞாயிற்றுக்கிழமைகளைத் தன் பக்கம் இழுத்தார். ஊர் ஊராகப் போய் மாணவர்கள், இல்லத்தரசிகள், தொழிலாளிகள் கையில் மைக்கைக் கொடுத்தார். எழுதித் தராத வசனத்தை ஜனங்களே பேசினார்கள். கேட்கும் காது, சரியான இடத்தில் இடைமறிக்கும் வாய் என்று சபாவில் கற்றதெல்லாம் அங்கே மறுபடி பயன்பட்டது.

2020 மார்ச்சில் விசு மறைந்தார். எண்பதுகளின் இயக்குநர்களைப் பட்டியலிடும்போது ஒளியையும் நிலத்தையும் ஆண்டவர்களை முதலில் சொல்கிறோம், சொல்ல வேண்டியதுதான். நாலு சுவருக்குள் பேச்சை மட்டும் வைத்துக்கொண்டு தியேட்டரை நிறைத்தவரையும் அதே வரிசையில் வைப்பதே முறை. குடும்பக் கதை எழுத உட்காரும் இளைஞர்கள், அந்தப் பணம் குறைத்துக் கொடுக்கும் காட்சியை வரிவரியாகப் பிரித்துப் படிக்கட்டும். இரண்டு பேருக்கும் நியாயம் இருந்தால்தான் சண்டைக்கு உயிர் வரும் என்பதை அதைவிடத் தெளிவாகச் சொல்லித்தரும் காட்சி இல்லை.