பேராதனை மேடையில் இராவணன்: நாடகம் படிப்பது என்றால் என்ன?

‘முதன்மைக் கதைப்பாத்திரத்தின் பண்புநலன்களை விளக்குக.’ இலக்கியத் தாளுக்குத் தயாராகும் மாணவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. அன்பு, வீரம், தியாகம் என்று நாலு பண்பை எழுதி, ஆளுக்கொரு சான்று கொடுத்தால் புள்ளி வந்துவிடும். நாவலுக்கும் இதே விடைதான், நாடகத்துக்கும் இதே விடைதான். அப்புறம் நாடகத்தை எதுக்குத் தனியா வைக்கணும்? இந்தக் கேள்வியை வகுப்பில் யாராவது கேட்டிருக்கிறார்களா?

பல்கலைக்கழகத்தில் நாடகம் படிக்கப் போகிறேன் என்று ஒரு மாணவர் வந்து சொன்னால், நம்மில் பலர் ‘நடிக்கக் கத்துக்கப் போறார்’ என்றே எடுத்துக்கொள்கிறோம். நடிப்பும் உண்டுதான். ஆனால் அங்கே உண்மையில் என்ன படிக்கிறார்கள் என்பதைப் பொதுப்படையாகச் சொல்லிப் பயனில்லை. தமிழில் இதைக் காட்ட எனக்குத் தெரிந்த மிக நல்ல எடுத்துக்காட்டு, இலங்கையின் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் 1960-களில் நடந்தது.

அதற்கு ஒரு முன்கதை உண்டு. பேராதனையில் பணியாற்றிய எதிரிவீர சரச்சந்திர 1956-இல் ‘மனமே’ என்ற சிங்கள நாடகத்தை மேடையேற்றினார். ‘நாடகம’ என்னும் சிங்களக் கிராமிய அரங்கின் ஆட்டத்தையும் பாட்டையும் கொண்டு செய்த புது நாடகம் அது. அந்த நாடகம மரபுக்கே தமிழ்க் கூத்தோடு நெருங்கிய உறவு உண்டு. அதே வளாகத்தில் தமிழ் கற்பித்த சு. வித்தியானந்தன் கூத்தின் பக்கம் திரும்பினார். கிராமங்களில் ஏட்டிலும் நினைவிலும் கிடந்த கூத்துப் பிரதிகளைத் தேடிப் பதிப்பித்தார். மாணவர்களைக் கொண்டு 1962-இல் ‘கர்ணன் போர்’, 1963-இல் ‘நொண்டி நாடகம்’, தொடர்ந்து ‘இராவணேசன்’, 1968-இல் ‘வாலிவதை’ என மேடையேற்றினார். ‘இராவணேசன்’ நாடகத்தை எழுதி இராவணனாக ஆடியவர் மட்டக்களப்பிலிருந்து வந்த மாணவர் சி. மௌனகுரு. பின்னாளில் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை ஆய்வு செய்து பேராசிரியரானவர்.

இங்கேதான் நாடகப் படிப்பு தொடங்குகிறது. கதை என்னவென்று நமக்குத் தெரியும். கம்பனின் யுத்த காண்டத்தைத் தெரிந்தவருக்கு அதில் புதிதாக ஒன்றும் இல்லை. மாறியது எது?

மட்டக்களப்புக் கூத்து வட்டக்களரியில் விடிய விடிய நடப்பது. சனம் சுற்றிலும் உட்கார்ந்திருக்கும். அண்ணாவியார் மத்தளத்தோடு களரிக்குள்ளேயே நிற்பார். ஆடுபவர் பாடும் பாட்டைப் பிற்பாட்டுக்காரர்கள் திரும்பப் பாடுவார்கள். இராசா வந்தால் ‘நான் கோபமாக இருக்கிறேன்’ என்று விளக்கிக்கொண்டிருக்க மாட்டார். அவர் யார் என்பதை வரவுப் பாட்டும் ஆட்டமும் சொல்லிவிடும். நாலு பக்கமும் ஆள் இருப்பதால் ஆட்டக்காரருக்கு ‘முதுகுப்பக்கம்’ என்று ஒன்று இல்லை. சுற்றி வந்து எல்லாருக்கும் முகம் கொடுத்தே ஆகவேண்டும். பார்ப்பவருக்கும் அவர் அந்நியரில்லை. நேற்று வயலில் பார்த்த சின்னையாதான் இன்றைக்குத் தருமர்!

பல்கலைக்கழகம் இதைப் படச்சட்ட மேடைக்குக் கொண்டு போனது. ஓர் இரவுக் கூத்து ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் சுருங்கியது. பார்வையாளர் ஒரே பக்கத்தில், இருட்டில், நாற்காலியில். ஒளி ஒருவர்மேல் மட்டும் விழும் என்றானதும் முகம் முக்கியமாகிவிட்டது. களரியைச் சுற்றி வந்த இராவணன் இப்போது மேடை நடுவில் தனியாக நிற்கலாம், தயங்கலாம், தன் மனதோடு போராடலாம். முடிவு தெரிந்தும் போருக்குப் போகிற அவல வீரனாக அவனைக் காட்ட அந்த மேடை இடம் கொடுத்தது.

மாணவர்களே, ‘இராவணன் தன்மானம் மிக்கவன்’ என்று நாம் எழுதுவோம் அல்லவா? நாடக மாணவர் அடுத்த கேள்வியைக் கேட்பார்: அது எனக்கு எதனால் தெரிந்தது? அவன் பேசிய வசனத்தாலா, வடமோடி ஆட்டத்தில் அவன் கால் வைத்த விதத்தாலா? வடமோடி பெரும்பாலும் போர்க்கதைகளுக்கு உரிய, வீறு நிறைந்த ஆட்டம். மண்டோதரி தடுக்கும்போது அவன் வாய் என்ன சொன்னாலும், கால் ஏற்கெனவே போருக்குப் புறப்பட்டுவிட்டது. இதை வசனத்தைப் படித்து மட்டும் எழுத முடியாது.

ஆனால் பேராதனை செய்தது எல்லாம் சரிதானா? இல்லை என்கிறார்கள் சிலர். கிழக்குப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சி. ஜெயசங்கர் அவர்களில் முக்கியமானவர். படித்தவரின் கண்ணால் கூத்தை வெட்டிச் செம்மையாக்கும்போது அது ஆடிய சனத்தின் கையை விட்டுப் போகிறது என்பது இந்தப் பக்கத்தின் வாதம். அவர் ‘கூத்து மீளுருவாக்கம்’ என்ற பெயரில் சீலாமுனை போன்ற கிராமத்துக்குள்ளேயே, ஆடுபவர்களோடு உட்கார்ந்து, பிரதியில் வரும் சாதி, பெண் பற்றிய இடங்களைப் பேசி மாற்றி, களரியிலேயே ஆடவைத்தார்.

எனக்கு இதில் ஒருபக்கச் சார்பு உண்டு, ஒத்துக்கொள்கிறேன். அந்தக் காலத்தில் படித்தவர்கள் பலர் கூத்தைப் பாமரர் பொழுதுபோக்கு என்று ஒதுக்கினார்கள். பேராதனை அந்த வாயை அடைத்தது, அது சின்ன வேலை இல்லை. அந்தப் பயிற்சியிலிருந்துதான் 1969-இல் மௌனகுருவின் ‘சங்காரம்’ வந்தது. அரக்கரைக் கொல்லும் பழைய ஆட்டத்தை எடுத்து, சாதியையும் வர்க்கத்தையும் அரக்கராக்கிய நாடகம். ஆனாலும் ஜெயசங்கரின் கேள்வி எனக்கு முள்ளாகக் குத்துகிறது. பட்டம் வாங்கியவர் மாணவர். கற்றுக்கொடுத்த அண்ணாவியாருக்கு என்ன கிடைத்தது?

நம்ம பள்ளி நாடகப் போட்டிகளையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். பிள்ளைகள் ஒலிவாங்கிக்கு முன்னால் வரிசையாக நின்று, மனப்பாடம் செய்ததைச் சொல்லிவிட்டு இறங்குகிறார்கள். படச்சட்ட மேடையை அப்படியே எடுத்துக்கொண்டோம். ஏன் இந்த மேடை என்று ஒருநாளும் கேட்கவில்லை. நான் உட்படத்தான்.

ஆசிரியர்களே, ஒரு பாடவேளை போதும். பாட நாடகத்தில் ஒரு காட்சியை எடுங்கள். முதலில் வகுப்பின் முன்னால் நின்று நடிக்கட்டும். பிறகு மேசைகளைச் சுவரோரம் தள்ளி, மற்றவர்களை வட்டமாக உட்காரவைத்து, அதே காட்சியை நடுவில் நடிக்கச் சொல்லுங்கள். எந்த வசனம் தேவையில்லாமல் போனது, எது புதிதாக உயிர் பெற்றது என்று மாணவர்களே எழுதட்டும். பண்புநலன் கேள்விக்கு அவர்கள் தரும் சான்று அன்றிலிருந்து வேறாக இருக்கும்.

இதையே பட்டப்படிப்பாக எடுக்க நினைப்பவருக்கு: நம் நாட்டில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்திலும் அஸ்வாராவிலும் நாடகம் படிக்கலாம், ஆனால் தமிழ்வழி அல்ல. தமிழ் அரங்கோடு நெருங்கிப் படிக்க வேண்டுமென்றால் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம், மட்டக்களப்பின் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம், புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரிலான நிகழ்கலைப் பள்ளி ஆகியவற்றைப் பற்றி விசாரியுங்கள். இலங்கையில் ‘நாடகமும் அரங்கியலும்’ பள்ளித் தேர்விலேயே தனிப் பாடம். அங்கே படித்து வருபவரோடு பக்கத்தில் உட்காரப் போகிறீர்கள் என்றால், போவதற்கு முன் ஒரு கூத்தையாவது கடைசிவரை உட்கார்ந்து பார்த்துவிடுங்கள். காணொளியாக இருந்தாலும் பரவாயில்லை.