மாலை சூட்டவா வாக்குச்சீட்டு?

தகடூர் அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் சென்றார் ஔவையார். அங்கே படைக்கலங்கள் மாலை சூடி, நெய் பூசிப் பளபளத்தன. எம் அரசனின் வேல்களோ பகைவரைக் குத்தி முனை முறிந்து கொல்லன் பட்டறையிலே கிடக்கின்றன என்றார் ஔவை. புகழ்வதுபோல் பழித்த அந்தப் பேச்சைத் தகடூராம் தருமபுரியின் மேடைகளில் கேட்டு மகிழ்கிறோம் நாம். ஆனால் அதே அளவுகோலால் நம் கையிலுள்ள வாக்குச்சீட்டை அளந்து பார்த்தோமா?

1977 மார்ச் தேர்தலைப் பற்றி எழுதியோர் பலர், வரலாறு எழுதவில்லை, புராணம் பாடினர். கொடுமை தலைவிரித்தாடியது, மக்கள் பொங்கி எழுந்தனர், வாக்கெனும் வாள் வீசினர், கொடுமை மாய்ந்தது, மங்களம்! கேட்பதற்கு இனிக்கிறது. புராணங்கள் எல்லாமே கேட்பதற்கு இனிப்பவைதாமே!

அந்தத் தேர்தலின் பெருமையை நாம் மறுக்கவில்லை. பாக்கிஸ்தானில், படைத்தலைவர் யாகியா கான் ஆட்சியில், 1970 டிசம்பரில் தேர்தல் நடந்தது. அவாமி லீக் பெரும்பான்மை பெற்றது, மன்றம் கூடவில்லை, 1971 மார்ச்சில் பீரங்கி பேசிற்று. பர்மாவில் 1990இல் ஆங் சான் சூ கீயின் கட்சி 392 இடங்களை வென்றும், படைத்தலைவர்கள் ஆட்சியை விட்டிறங்கவில்லை. இந்தியாவிலே சீருடைத் தளபதி ஆளவில்லை. ஆயினும் 1975 ஜூன் 25 முதல் பேச்சும் எழுத்தும் விலங்கு பூண்டன. வாக்காளர் தீர்ப்பளித்ததும் இந்திரா காந்தி பதவி விலகினார். அது சிறு செயலன்று.

ஆனால் தீர்ப்பளித்த மக்கள் யார்? உத்தரப் பிரதேசத்தின் 85 இடங்களிலும், பீகாரின் 54 இடங்களிலும் ஆளுங்கட்சிக்கு ஒன்றுகூடக் கிட்டவில்லை. தமிழகத்திலோ 39 இடங்களில் 34 இடங்கள் காங்கிரசும் அ.தி.மு.க.வும் இந்தியக் கம்யூனிஸ்டும் சேர்ந்த அணிக்கே சென்றன. தருமபுரியும் காங்கிரசையே தேர்ந்தெடுத்தது. 1976 ஜனவரி 31இல் மாநில ஆட்சி கலைக்கப்பட்ட நாடு இது! சிறையிலே அடிபட்ட சிட்டிபாபு மறைந்து மூன்று திங்கள்கூட ஆகவில்லை!

மக்களை ஏசுவது எளிது. காரணம் காண்பதே அறிவுடைமை. வடக்கே கட்டாயக் கருத்தடை வீடுதேடி வந்தது; வீடு விழித்தது. இங்கே கொடுமை சிறைச்சுவருக்குள்ளே நின்றது. தணிக்கையாளரின் கத்தரிக்கோல் செய்தியை வாசலிலேயே தடுத்தது. மக்கள் மனம் கவர்ந்த எம்.ஜி.ஆர். அந்த அணியில் நின்றார். செய்தி எட்டாத ஊரில் சினம் எப்படி எழும்? எழுதவும் பேசவும் கற்ற நாம், அந்தத் திங்கள்களில் எத்தனை சிற்றூர்களுக்கு நடந்தோம்? இந்த வினாவைப் புராணம் கேட்பதில்லை. விமர்சனம் கேட்டே ஆகவேண்டும்.

புராணம் மங்களத்தோடு முடிந்துவிடும். வரலாறு முடியவில்லை. நெருக்கடி நிலையின்போது, 1976இல், 42ஆம் அரசியல் சட்டத் திருத்தம் கல்வியையும் காடுகளையும் மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப்பட்டியலுக்குக் கொண்டு சென்றது. 1978இல் வந்த 44ஆம் திருத்தம் பல தீமைகளைக் களைந்தது. ஆனால் இவ்விரண்டும் மாநிலத்துக்குத் திரும்பவில்லை. இன்றளவும் திரும்பவில்லை. தருமபுரியில் பள்ளிக்குச் செல்லும் உழவர் வீட்டுச் சிறுவனுக்கும், காட்டோரம் வாழும் குடிமகனுக்கும் பொருந்தும் சட்டத்தை எந்த மன்றம் இயற்றுவது என்ற வினா, நெருக்கடி நிலை எழுதிவைத்த விடையோடுதான் இன்னும் நிற்கிறது. சர்வாதிகாரம் தோற்றது, அது எடுத்துச் சென்ற பொருள் வீடு வந்து சேரவில்லை!

இளைஞர்களே! ஒருநாள் விரலில் மை பூசிக்கொண்டு, அடுத்த தேர்தல் வரை அந்தப் பெருமையைப் பாடிக்கொண்டிருப்பது, வேலுக்கு நெய் பூசி மாலை சூட்டும் வேலையே ஆகும். வென்றவரிடம் கேட்க வேண்டும். தோற்றவர் எடுத்ததை மீட்டாயா என்று கேட்க வேண்டும். விடை வரும்வரை கேட்க வேண்டும். கேட்டுக் கேட்டு முனை மழுங்கட்டும் நம் வேல். மழுங்கிய வேலைப் பட்டறையில் தீட்டிக்கொள்ளலாம். கொட்டிலில் பளபளக்கும் வேலால் எவருக்கு என்ன பயன்?