தமிழ்த் திரைப்படங்களில் மாற்றுத்திறனாளிகளும் மறதிநோயாளிகளும்

தமிழ்த் திரைப்படங்கள் உடல்குறை, புலன்குறை, அறிவுத்திறன் குறைபாடு, மனநோய், முதுமை மறதி ஆகியவற்றோடு வாழ்வோரை எவ்வாறு காட்டியுள்ளன என்பதையும், பார்வையாளர்கள் அப்படங்களிலிருந்து எதை எடுத்துக்கொண்டார்கள் என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது. 1977 முதல் 2019 வரை வெளியான சில முக்கியப் படங்களே இங்கு எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன.

பெயரும் பட்டப்பெயரும்

பாரதிராஜாவின் முதல் படமான '16 வயதினிலே' (1977) இப்பொருளுக்கு நல்ல தொடக்கம். கமல்ஹாசன் நடித்த பாத்திரம் கால் தாங்கி நடப்பவர், பேச்சும் தெளிவில்லாதவர். ஊரார் அவரைச் 'சப்பாணி' என்றே அழைக்கின்றனர். கதையின் திருப்பத்தில் மயில் (ஸ்ரீதேவி) அவருக்கு அவருடைய சொந்தப் பெயரான கோபாலகிருஷ்ணன் என்பதை நினைவூட்டுகிறாள். இனி யாராவது சப்பாணி என்று கூப்பிட்டால் அறைந்துவிடு என்றும் சொல்லித்தருகிறாள். உடற்குறையைப் பெயராக்குவது அவமதிப்பு என்பதை ஒரு கிராமத்துப் பெண்ணின் வாய்வழியே நேராகச் சொன்ன படம் அது.

ஆனால் ரசிகர்கள் அந்தப் பாடத்தை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டார்கள். இன்றும் அப்பாத்திரத்தைக் குறிப்பிடுவோர் சப்பாணி என்றே குறிப்பிடுகின்றனர். கோபாலகிருஷ்ணன் என்று சொல்வோர் அரிது. கால் ஊனமுற்ற மாணவர்களுக்குப் பள்ளிகளில் அதுவே பட்டப்பெயராகவும் ஆனது. ஒரு படத்தின் நோக்கமும் அது பெறப்படும் விதமும் வேறுவேறாகலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தமிழில் இல்லை.

'கஜினி' (2005) படமும் இதே வழியில் சென்றது. ஏ.ஆர். முருகதாஸ் இயக்கிய அப்படத்தில், தலையில் பட்ட அடியால் புதிய நினைவுகளைப் பதினைந்து நிமிடங்களுக்கு மேல் வைத்திருக்க முடியாதவராகச் சூர்யா நடித்தார். நினைவுக்குப் பதிலாக அவர் ஒளிப்படங்களையும் உடலில் குத்திக்கொண்ட பச்சையையும் நம்பி வாழ்கிறார். படம் அதைத் துயரமாகவே காட்டுகிறது. வெளியே அது கேலிச்சொல்லானது. வீட்டுப்பாடம் எழுத மறந்த மாணவனும் கடைக்குப் போய்ப் பொருள் வாங்க மறந்த பாட்டியும் 'கஜினி' ஆனார்கள். 'ஷார்ட் டெர்ம் மெமரி லாஸ்' என்ற மருத்துவத் தொடர் பேச்சு வழக்கில் நகைச்சுவையாகவே நிலைத்தது.

நகைச்சுவைக் காட்சிகள்

திக்குவாய், காது மந்தம், மாறுகண், குள்ளம் ஆகியவற்றைக் கேலி செய்யும் நகைச்சுவைத் தடங்கள் பல பத்தாண்டுகளாகத் தமிழ்ப் படங்களில் இருந்துவருகின்றன. பி. வாசுவின் 'சின்னத்தம்பி' (1991) படத்தில் கவுண்டமணி ஏற்றது மாலைக்கண் உடையவர் பாத்திரம். பொழுது சாய்ந்ததும் அவர் தடுமாறுவதும், குறையை மறைக்க முயல்வதுமே அங்கு சிரிப்புக்குப் பொருள். மாலைக்கண் பெரும்பாலும் வைட்டமின் ஏ குறைவால் வருவது. ஊட்டக்குறைவு மிகுந்த ஏழைக் குடும்பங்களின் குழந்தைகளையே அது அதிகம் தாக்கியது. சில வேளைகளில் விழித்திரை நோயாலும் வரும். முன்னதை ஊட்டத்தால் தடுக்க முடியும் என்ற செய்திக்கு அந்தச் சிரிப்பில் இடமில்லை. குறையை வெளியே சொன்னால் ஊர் சிரிக்கும் என்ற அச்சமே அங்கு வலுப்படுகிறது. அந்த அச்சத்தால் குழந்தையை மருத்துவரிடம் காட்டாமல் விடுவதுதான் உண்மையான இழப்பு.

கண்ணீரும் தீர்ப்பும்

கேலிக்கு மறுபக்கம் இரக்கம். மணிரத்னத்தின் 'அஞ்சலி' (1990) அறிவுத்திறன் குறைபாடுள்ள சிறுமியை ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு முதலில் ஒதுக்கி, பின் ஏற்றுக்கொள்வதைச் சொல்கிறது. ஷாமிலிக்குச் சிறந்த குழந்தை நட்சத்திரத்துக்கான தேசிய விருதும் கிடைத்தது. அத்தகைய குழந்தையை மறைத்து வைக்காமல் வீட்டின் நடுவில் நிறுத்தியது அப்படத்தின் பெருமை. ஆனால் அவள் இறுதியில் இறந்துவிடுகிறாள். அவள் வளர்ந்திருந்தால் எந்தப் பள்ளிக்குப் போயிருப்பாள், பெற்றோருக்குப் பின் யார் பார்த்துக்கொள்வார்கள் என்ற கேள்விகள் எழாமலே படம் முடிகிறது.

ஏ.எல். விஜயின் 'தெய்வத்திருமகள்' (2011), 'ஐ ஆம் சாம்' (2001) என்ற ஆங்கிலப் படத்தைத் தழுவியது. சிறுவனின் அறிவு வளர்ச்சியுடைய தந்தை தன் மகளை வளர்க்க உரிமை கேட்டு வழக்காடுகிறார். விக்ரமின் நடிப்பு அரங்குகளில் எல்லோரையும் அழவைத்தது. ஆனால் வழக்கில் மகளைத் திரும்பப் பெற்ற பிறகு, அவளுடைய எதிர்காலம் கருதி அவரே அவளைத் தாத்தாவின் வீட்டில் விட்டுவிடுகிறார். நீதிமன்றம் சொல்லாத தீர்ப்பை அவரே தமக்கு வழங்கிக்கொள்கிறார். பார்வையாளர் அதைத் தியாகமாகக் கண்டு அழுகின்றனர். அக்கண்ணீரோடு, இத்தகையவர் தந்தையாக இருக்கத் தகுதியில்லை என்ற முடிவையும் கேள்வியின்றி ஏற்றுக்கொள்கின்றனர்.

பாலாவின் 'நான் கடவுள்' (2009) உடற்குறையுடையோரை வைத்துப் பிச்சையெடுக்கும் கும்பல்களைக் காட்டியது; அவருக்குச் சிறந்த இயக்குநருக்கான தேசிய விருதைப் பெற்றுத்தந்தது. உடற்குறையுடையோர் பலரே அதில் நடித்தனர். அவர்கள் தமக்குள் பேசும் எள்ளலும் நட்பும் படத்தின் சிறந்த பகுதி. ஆயினும் பார்வையற்ற பாடகியைக் கொல்வதே அவளுக்கு விடுதலை என்று படம் முடிகிறது. ராமின் 'பேரன்பு' (2019) இதற்கு நேர்மறுப்பு. மூளை முடக்குவாதமுள்ள மகளோடு கடலில் இறங்கும் தந்தையை (மம்மூட்டி) திருநங்கை மீரா காப்பாற்றுகிறாள். கதை வாழ்க்கையோடு முடிகிறது. பருவமடைந்த மகளின் உடல் தேவைகளைப் பேசத் துணிந்த தமிழ்ப் படமும் அதுவே. மீராவாகத் திருநங்கையான அஞ்சலி அமீரே நடித்தார். மகளாக நடித்த சாதனா மாற்றுத்திறனாளி அல்லர்.

மனநோய்

'சேது' (1999) தலையில் அடிபட்டு மனநலம் குன்றிய இளைஞன் ஒரு மடத்தில் சங்கிலியால் கட்டப்பட்டிருப்பதைக் காட்டியது. படம் வெளியாகி இரண்டு ஆண்டுகளுக்குள், 2001 ஆகஸ்டு 6 அன்று, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு காப்பகம் தீப்பற்றி, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் உயிரிழந்தனர். திரையில் ஒரு காதலின் சோகமாகப் பார்க்கப்பட்ட சங்கிலி உண்மையில் பலரைக் கொல்லக்கூடியது என்பதை நாடு அன்றே உணர்ந்தது. மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017 நோயாளிகளைச் சங்கிலியால் கட்டுவதை முற்றாகத் தடைசெய்கிறது.

மறதிநோய்

முதுமை மறதி தமிழ்த் திரைக்குத் தாமதமாகவே வந்தது. 60 வயதுக்கு மேற்பட்ட இந்தியரில் 7.4 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர், இந்நோயோடு வாழ்வதாக 2023இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. இவர்களில் பெரும்பாலோர் வீட்டில், குறிப்பாகப் பெண்களின் பராமரிப்பில், இருக்கின்றனர். 'வயசானா அப்படித்தான்' என்ற சொல்லே பல வீடுகளில் நோயறிதலைத் தள்ளிப்போடுகிறது.

ராதாமோகன் இவ்வகையில் கவனிக்க வேண்டிய இயக்குநர். அவருடைய 'மொழி' (2007) படத்தில் ஜோதிகா ஏற்ற காதுகேளாத, பேச இயலாத அர்ச்சனா பாத்திரம் வேலைக்குப் போகிறது, கோபப்படுகிறது, காதலை மறுக்கிறது, இரக்கத்தைக் கேட்பதில்லை. அதே படத்தில் எம்.எஸ். பாஸ்கர் நடித்த பேராசிரியர் 1984ஆம் ஆண்டிலேயே நின்றுவிட்டவர். அவர் பழைய செய்திகளைப் புதியவைபோலப் பேசும்போது அரங்கம் சிரிக்கிறது. மகன் இறந்த ஆண்டு அது என்பது தெரிந்ததும் சிரித்தவர்களே அமைதியாகின்றனர். கேலி செய்தவரைக் குற்றஞ்சாட்டாமல் அவருடைய சிரிப்பையே அவருக்குத் திருப்பிக் காட்டும் முறை இது.

அவரே இயக்கிய '60 வயது மாநிறம்' (2018), 'கோதி பண்ண சாதாரண மைக்கட்டு' (2016) என்ற கன்னடப் படத்தின் மறு ஆக்கம். காணாமல்போனவரைத் தேடும் அறிவிப்பில் வரும் சொற்களே அதன் தலைப்பு. அல்சைமர் நோயுள்ள தந்தையாகப் பிரகாஷ்ராஜும், அவரைக் காப்பகத்தில் விட்டுவிட்டு வேலையில் மூழ்கிய மகனாக விக்ரம் பிரபுவும் நடித்தனர். தந்தை தொலைந்த பிறகு அவரை அடையாளம் சொல்ல மகனிடம் வயதும் நிறமும் தவிர அதிகம் இல்லை. தேடத் தேடத்தான் தந்தை யார் என்பது மகனுக்குத் தெரிகிறது. மறப்பவர் ஒருவர் மட்டுமல்லர் என்பதே படத்தின் வலு. இடையில் வரும் குற்றவாளிகளின் கதை அதைச் சற்றே குலைக்கிறது.

மணிரத்னத்தின் 'ஓ காதல் கண்மணி' (2015) படத்தில் லீலா சாம்சன் நடித்த பவானியும் அல்சைமர் நோயாளியே. கணவரின் பராமரிப்பு அழகாகக் காட்டப்படுகிறது. எனினும் அம்முதிய இணையர் இளம் காதலருக்குத் திருமணத்தின் பொருளை உணர்த்தவே பயன்படுகின்றனர். மலையாளத்தில் பிளெஸ்ஸி இயக்கிய 'தன்மாத்ரா' (2005) நோயாளியையே கதையின் மையமாக்கி, நடுவயதிலும் இந்நோய் வரலாம் என்பதைப் பொதுமக்களுக்குச் சொன்னது. தமிழில் அதற்கு நிகரான படம் இன்னும் இல்லை. இரவுத் தூக்கமின்மை, சந்தேகம், குளிக்க மறுத்தல், பராமரிப்போரின் சோர்வு ஆகிய அன்றாடத் துன்பங்களும் நம் படங்களில் அரிதாகவே வருகின்றன.

சட்டமும் நீதிமன்றமும்

மாற்றுத்திறனாளிகளைத் தேவையின்றி இழிவாகவோ கேலியாகவோ காட்டும் காட்சிகள் கூடாது என்று தணிக்கைக்கான 1991ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 இருபத்தொரு வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. முதுமை மறதி அப்பட்டியலில் தனிப்பெயராக இல்லை.

2023இல் வெளியான 'ஆங்க் மிச்சோலி' என்ற இந்திப் படம் மறதிநோய், காதுகேளாமை, திக்குவாய், மாலைக்கண் ஆகியவற்றைக் கேலி செய்ததாக நிபுன் மல்கோத்ரா வழக்குத் தொடுத்தார். 2024 ஜூலை 8 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. படத்துக்குத் தடையோ மாற்றமோ விதிக்காமல், பொதுவான நெறிகளை வகுத்தது. மாற்றுத்திறனைப் புரிந்துகொள்ள உதவும் நகைச்சுவை வேறு, மாற்றுத்திறனாளியைத் தாழ்த்தும் நகைச்சுவை வேறு என்று பிரித்துக் காட்டியது. நோயின் இயல்பைத் தவறாகக் காட்டுவது தீங்கு என்றும், படைப்புகளில் மாற்றுத்திறனாளிகளையும் கலந்துகொள்ள வேண்டும் என்றும் அறிவுறுத்தியது.

அரங்கில் இடம்

மாற்றுத்திறனாளிகள் பார்வையாளர்களும் ஆவர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் அவர்கள் சுமார் 11.8 லட்சம் பேர். திரையரங்குகளில் ஒலிவழி விளக்கமும் எழுத்து விளக்கமும் வழங்குவதற்கான நெறிமுறைகளை மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2024 மார்ச்சில் வெளியிட்டது. தருமபுரி போன்ற மாவட்டங்களில் ஒரு பார்வையற்ற மாணவர் தம்மைப் போன்றோரைப் பற்றிய படத்தையே பக்கத்து இருக்கைக்காரர் சொல்லச் சொல்லத்தான் பின்தொடர வேண்டியுள்ளது. சக்கர நாற்காலி செல்லச் சாய்தளம் இல்லாத அரங்கில் 'பேரன்பு' ஓடினால், அப்படம் யாருக்கானது என்ற கேள்வி எழும்.

மதிப்பீடு

தமிழ்ப் படங்கள் கேலியிலிருந்து இரக்கத்துக்கும், இரக்கத்திலிருந்து மெல்லப் புரிதலுக்கும் நகர்ந்துள்ளன. இந்நகர்வு நேர்க்கோட்டில் அமையவில்லை. கேலி இன்றும் தொடர்கிறது. மாணவர்கள் ஒரு படத்தை மதிப்பிட மூன்று கேள்விகள் போதும். அப்பாத்திரத்துக்குக் குறையைத் தவிர வேறு விருப்பம், வேலை, கோபம் உண்டா? படம் அவரைக் குணமாக்கியோ கொன்றோ முடிக்கிறதா, அல்லது வாழவிடுகிறதா? அத்தகைய நிலையில் வாழும் ஒருவர் அரங்கில் அருகில் அமர்ந்திருந்தால் அக்காட்சிக்கு நாம் சிரிப்போமா?

படம் நல்லதாக இருந்தாலும் பயன் பார்வையாளரைப் பொறுத்தது. கோபாலகிருஷ்ணன் என்று அழைக்கச் சொல்லி 1977லேயே ஒரு படம் கற்றுக்கொடுத்துவிட்டது. அதை வகுப்பறையிலும் வீட்டிலும் பின்பற்றுவதே மீதமுள்ள வேலை.