எதிர்காலத் தொடர்வினையும் பன்னிரண்டு கட்டங்களும்

ஆங்கில வினையின் காலங்களைப் பன்னிரண்டு கட்டங்கள் கொண்ட அட்டவணையாக வரைந்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு வாய்பாட்டையும் அதற்கு இணையான ஒரு தமிழ் முடிபையும் எழுதி மனப்பாடம் செய்யவைக்கும் முறை, தமிழ்வழி வகுப்பறைகளிலும் ஸ்போக்கன் இங்கிலீஷ் நூல்களிலும் ஆழ வேரூன்றிய ஒன்று. முக்காலமும் ஒருபுறமும், சாதாரணம், தொடர்வு, முற்று, முற்றுத்தொடர்வு என்னும் நால்வகை நிலைகள் மறுபுறமும் அமையும் இவ்வட்டவணையில், ‘ஃபியூச்சர் கன்டினியுவஸ்’ எனப்படும் எதிர்காலத் தொடர்வினைக்கும் ஒரு கட்டம் உண்டு. இம்முறையின் வலிமையும் குறையும் ஒருசேர வெளிப்படும் இடம் அதுவே.

வடிவத்தைக் கற்பிப்பதில் அட்டவணையை மிஞ்சுவது கடினம். ‘வில்’ என்னும் துணைவினை, அதையடுத்து ‘பி’, அதன்பின் ‘இங்’ விகுதி ஏற்ற வினை என்ற வரிசை எழுவாய் எதுவாயினும் மாறாது. ‘ஷி வில் பி ரைட்டிங்’, ‘தே வில் பி ரைட்டிங்’ என ஒருமைக்கும் பன்மைக்கும் ஒரே வடிவமே வரும். திணை, பால், எண், இடம் ஆகியவற்றுக்கேற்ப வினைமுற்று மாறும் தமிழில் பழகியவருக்கு இது எளிமையிலும் எளிமை. ‘வில்’லுக்குப் பின் ‘நாட்’ சேர்த்தால் எதிர்மறை, ‘வில்’லை எழுவாய்க்கு முன் நகர்த்தினால் வினா. ‘மேக்’ என்பதன் ஈற்றிலுள்ள ‘ஈ’ கெடுவதும் ‘ரன்’ என்பதன் ‘என்’ இரட்டிப்பதும் போன்ற சில எழுத்துக்கூட்டு விதிகளைத் தவிர, இங்கே நினைவில் கொள்ள வேண்டியது அதிகமில்லை. தன்மைக்கு ‘ஷல்’ என்னும் விதி, ஜான் வாலிஸ் 1653இல் லத்தீனில் எழுதிய ஆங்கில இலக்கணத்தில் இடம்பெற்றது. இன்றைய வழக்கில் தளர்ந்துவிட்ட அதைச் சில நூல்கள் இன்னும் கட்டாயமாக்குவதைச் சிறு குறையாகவே கொள்ளலாம்.

பெரிய குறை பொருளில் இருக்கிறது. வினையின் காலத்தை விளக்க ஹான்ஸ் ரைஹன்பாக் 1947இல் மூன்று புள்ளிகளை வகுத்தார்: பேசும் நேரம், செயல் நிகழும் நேரம், எந்த நேரத்தை நோக்கிச் சொல்லப்படுகிறதோ அந்த நோக்குநேரம். ‘நாளை பத்து மணிக்கு அவர்கள் தேர்வு எழுதிக்கொண்டிருப்பார்கள்’ என்னும் தொடரில் ‘பத்து மணி’ நோக்குநேரம். தேர்வு அதற்கு முன்பே தொடங்கி அதற்குப் பின்னும் நீள்கிறது. நோக்குநேரம் சொல்லிலோ சூழலிலோ விளங்காவிட்டால் இப்பொருளில் தொடர்வினைக்கு வேலையே இல்லை. ஆனால் ‘ஹி ரைட்ஸ் எ லெட்டர்’ என்பதை எதிர்காலத் தொடர்வினைக்கு மாற்றச் சொல்லும் பயிற்சியில் ‘ஹி வில் பி ரைட்டிங் எ லெட்டர்’ என எழுதியவருக்கு முழு மதிப்பெண் கிடைத்துவிடுகிறது. எப்போது எழுதிக்கொண்டிருப்பார் என்ற கேள்வி எழுவதேயில்லை.

இன்னொரு பொருளை அட்டவணை அடியோடு மறைத்துவிடுகிறது. ‘வி வில் பி லேண்டிங் ஷார்ட்லி’ என விமானத்தில் அறிவிக்கும்போது எந்த நோக்குநேரமும் இல்லை, தொடர்ச்சியும் வற்புறுத்தப்படவில்லை. நிகழ்வுகளின் இயல்பான போக்கில் நடக்கவிருப்பது என்பதே கருத்து. ஜெஃப்ரி லீச் முதலான இலக்கண அறிஞர்கள் இதைத் தனிப் பயனாகவே பிரித்துக் காட்டியுள்ளனர். இதன் நுட்பம் வினாவில் கூர்மையடைகிறது. ‘வில் யூ யூஸ் த கார் டுநைட்?’ என்று கேட்டால் கேட்கப்படுபவரின் விருப்பத்தை நேரடியாகத் தொடுவதுபோல ஒலிக்கும், ஏனெனில் ‘வில்’ வெறும் காலக்குறியாக மட்டும் நில்லாமல் விருப்பம், இசைவு ஆகிய சாயல்களையும் சுமக்கிறது. ‘வில் யூ பி யூஸிங் த கார் டுநைட்?’ என்னும்போது அச்சாயல் நீங்கி, அவர் ஏற்கெனவே வைத்திருக்கும் ஏற்பாட்டை மட்டும் விசாரிப்பதாகிறது. காரை இரவல் கேட்க நினைப்பவருக்கு இந்தப் பணிவு மிகவும் தேவை. தமிழில் இதற்கு நேரானது ‘இன்று இரவு காரை எடுப்பதாக இருக்கிறீர்களா?’ என்பதேயன்றி, மனப்பாடமான ‘எடுத்துக்கொண்டிருப்பீர்களா?’ அன்று. இந்தியப் பள்ளிகளில் பல தலைமுறையாகப் புழங்கும் ரென்–மார்ட்டின் இலக்கணத்தின் திருத்திய பதிப்பிலேயே இயல்பான போக்கில் நிகழ்வதைக் குறிக்கும் இப்பயன் சொல்லப்பட்டுள்ளது. நூலில் இருப்பது கட்டத்துக்குள் அடங்காததால்தான் வகுப்பில் நழுவிப்போகிறது எனலாம்.

விந்தை என்னவென்றால், தமிழ் முடிபு மிகச் சரியாகப் பொருந்தும் மூன்றாவது பயனையும் அட்டவணை எட்டவிடாமல் செய்கிறது. ‘இப்போது கூப்பிட வேண்டாம், அவர் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்’ என்பது எதிர்காலம் பற்றிய பேச்சன்று. நிகழ்காலம் பற்றிய ஊகம். ஆங்கிலத்திலும் அப்படியே ‘ஹி வில் பி ஹேவிங் லஞ்ச் நவ்’ என்று சொல்லலாம். தாய்மொழியே கைகொடுக்கும் இந்த இடத்தில், கட்டத்தின் தலைப்பில் ‘எதிர்காலம்’ என்று எழுதியிருப்பதால் மாணவர் தயங்கி, ‘மே பி’ போட்டு ஒப்பேற்றிவிடுகிறார். ‘வில்’ என்பதைக் காலக்குறியாகவே ஏற்காமல், உறுதி, ஊகம் போன்ற மனநிலைகளைக் காட்டும் துணைவினைகளுள் ஒன்றாகக் கொண்டு, ஆங்கிலத்தில் எதிர்காலம் என்னும் இலக்கண வடிவமே இல்லை என்று ஹடில்ஸ்டனும் புல்லமும் 2002இல் வெளியான கேம்பிரிட்ஜ் இலக்கணத்தில் வாதிட்டனர். பள்ளி மாணவருக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லைதான்; ஆயினும் தலைப்புக்கும் பயனுக்கும் இடையே இடைவெளி உண்டு என்பதையாவது ஆசிரியர் அறிந்திருக்க வேண்டும்.

‘நோ’, ‘பிலீவ்’ போன்று நிலையைக் குறிக்கும் வினைகள் பொதுவாகத் தொடர்வடிவம் ஏற்பதில்லை என்பதும், ‘வைல்’, ‘வென்’ எனத் தொடங்கும் காலத் துணைவாக்கியத்தில் ‘வில்’ பொதுவாக வராது என்பதும் அட்டவணைக்கு வெளியே ஓரிரு வரிகளில் முடிந்துவிடும் செய்திகள்.

இவ்வளவுக்கும் அட்டவணையைத் தூக்கியெறியத் தேவையில்லை. முதல் வாரத்தில் அது செய்யும் வேலையை வேறெதுவும் அவ்வளவு விரைவில் செய்யாது. மாற வேண்டியது அதற்கடுத்து வரும் பயிற்சி. ஒரு வாக்கியத்தைக் கொடுத்துக் காலத்தை மாற்றச் சொல்வதற்குப் பதிலாக, பக்கத்து வீட்டாரிடம் ஏணி இரவல் வாங்க வேண்டிய சூழலைக் கொடுத்து, ‘வில் யூ யூஸ்’, ‘வில் யூ பி யூஸிங்’ ஆகிய இரண்டில் எதைச் சொல்வது, ஏன் என்று கேட்கும் வினாவுக்கு இரண்டு மதிப்பெண் ஒதுக்கினாலே போதும். வாய்பாட்டை மட்டும் ஒப்பிப்பவர் அந்த ‘ஏன்’ வந்ததும் நின்றுவிடுவார்.