முயற்சியாண்மைக் கல்வி: மதிப்பீட்டின் அளவுகோல் பற்றி

முயற்சியாண்மைக் கல்வி பல்கலைக்கழகப் பாடவிதானங்களில் நிலையான இடத்தைப் பெற்றுவிட்டது. அதன் பெறுபேற்றை அளப்போர் பெரிதும் கையாளும் முறை எளிதானது: பாடநெறியின் தொடக்கத்திலும் முடிவிலும், சொந்தத் தொழில் தொடங்கும் எண்ணம் உண்டா என மாணவரிடம் வினவுதல். விரும்பிச் சேர்ந்தோரிடமே இதனைக் கேட்டு, அவர்கள் ஆமென்றதும் வெற்றியெனப் பதியும் இம்முறையை ஆராய்ச்சி என அழைக்க நாம் தயங்குகிறோம்.

நெதர்லாந்தில் ஊஸ்டர்பீக், வான் பிராக், ஐசல்ஸ்டைன் ஆகியோர் 2010இல் வெளியிட்ட ஆய்வு, ஒரே உயர் தொழிற்கல்வி நிறுவனத்தின் இரு வளாகங்களை ஒப்பிட்டது. ஒன்றில் மாணவர் சிறு கம்பனி நடத்தும் பயிற்சி கட்டாயமாயிருந்தது. மற்றையதில் அது இல்லை. பயிற்சி பெற்றோரின் திறன்கள் குறிப்பிடத்தக்க அளவு வளரவில்லை. தொழில் தொடங்கும் எண்ணமோ குறைந்தது. இதனைத் தோல்வியென்று கொள்ள வேண்டியதில்லை. இடர் அறிந்து பின்வாங்குவதும் கல்வியின் பயனேயாம்.

துனீசியாவின் அனுபவம் ஆழ்ந்து நோக்கற்பாலது. இறுதியாண்டு மாணவர் வழக்கமான ஆய்வேட்டுக்குப் பதிலாகத் தொழில் திட்டமொன்றை எழுதிப் பட்டம் பெறும் ஒழுங்கு அங்கு 2009இல் வந்தது. பயிற்சியும் வழிகாட்டலும் உடன் வழங்கப்பட்டன. விண்ணப்பித்தோருள் எழுமாற்றாகத் தெரிவு நடந்தமையால் ஒப்பீடு நம்பத்தக்கதாயிற்று. பட்டம் பெற்று ஏறத்தாழ ஓராண்டின் பின் சுயதொழில் செய்வோர் தொகை சிறிது உயர்ந்திருந்தது. ஆனால் வேலையில் இருந்தோரின் மொத்த வீதம் மாறவில்லை. சம்பள வேலைக்குப் போயிருக்கக்கூடிய சிலர் சுயதொழிலுக்கு நகர்ந்தனர், அவ்வளவே. நான்கு ஆண்டுகளின் பின் அச்சிறு உயர்வும் மறைந்துவிட்டது.

இடையில், 2011 ஜனவரியில், வேலையின்மைக்கும் ஊழலுக்கும் எதிராகக் கிளர்ந்த மக்கள் பென் அலியின் ஆட்சியை வீழ்த்தினர். ஆட்சியாளரின் குடும்பக் கம்பனிகள் அனுமதி விதிகளின் அரணுக்குள் இலாபம் குவித்தமையை உலக வங்கி ஆய்வாளரே 2014இல் எடுத்துக்காட்டினர். அத்தகைய சந்தையில், தொழில் திட்டம் எழுதக் கற்ற பட்டதாரிக்கு எத்தனை கதவுகள் திறந்திருந்தன? பாடநெறி மாணவரைத் திருத்த முனைந்தது. சந்தையைக் கட்டியாண்ட வர்க்கம் அதன் பாடவிதானத்துக்கு அப்பால் நின்றது. வேலையின்மைக்கான பொறுப்பு இவ்வாறு அரசிடமிருந்து இளைஞரின் தோளுக்கு ஓசையின்றி மாற்றப்படுவதை எந்த வினாக்கொத்தும் பதிவுசெய்வதில்லை.

பட்டதாரிகளின் வேலையின்மை நம்நாட்டிலும் நெடுநாளைய பிரச்சினையாதலின், இங்கு இத்தகைய பாடநெறிகளை மதிப்பிட முனைவோர் மாணவரின் எண்ணத்தோடு நின்றுவிடலாகாது. நான்கைந்து ஆண்டுகளின் பின் அவர் என்ன செய்கிறார், முதல் எங்கிருந்து கிடைத்தது, குடும்பத்துக்குக் காணியோ கடையோ முன்னரே இருந்ததா, தொழிலைக் கைவிட்டவர் எக்கடனைச் சுமக்கிறார் என்பனவற்றையும் அவர்கள் வினவுதல் வேண்டும்.